பதம் பார்த்தல்

‘கிராமியக் கலை, இரவு எட்டு மணி, வளவில்’
என்று அச்சடித்து
அறைக்கு அறை தலையணைமேல் வைத்திருந்தார்கள்.
எங்கள் பெயர் அதில் இல்லை.

ஆலங்கொல்லைப்பட்டியில் அந்த வீடு
ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும்.
எங்களை வரச் சொன்னது முடிகிற வாசலுக்கு.
ஏழு பேர், ஏழு பறை,
சகாயராணி இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை.

மார்கழிப் பனி. தோல் தொய்ந்து கிடந்தது.
தட்டினால் ஈரச் சாக்கு.
‘தீ மூட்டணும் சார்.’
பின்வாசலில் கேஸ் சிலிண்டர்.
வளவில் ஆத்தங்குடிக் கல், கறுத்துவிடும்.
மேனேஜர் லெட்சுமணன் யோசித்து
ஏழாம் நம்பர் அறையிலிருந்து
தலைமுடி உலர்த்தும் மெஷினை வாங்கி வந்தார்.

இருளப்பன் அதைப் பிடித்து ஊதினான்.
பியூட்டி பார்லரில் உட்கார்த்திய எருமைபோல
பறை சும்மா இருந்தது.
சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டோம்.

மணி ஏழே கால்.
‘சரி, முன்வாசல்ல போய்ச் சட்டுனு காய்ச்சுங்க.’
அவர் மதுரைக்காரர். வந்து நான்கு மாதம்.

முன்வாசல் என்றால் தேரோடும் தெரு.
மூன்று வருஷம் முன்பு
எங்கள் புரவியெடுப்பைக் கயிறு கட்டி மறித்த தெரு.
தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டத்தில்
பச்சை மையில் எழுதினார்கள்:
மேற்படி தெருவில் பறை இசைக்கக் கூடாது.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
பேனா அவர்களுடையது.

வைக்கோல் பற்றியது.

காய்ச்சினால் தட்டிப் பார்க்கணும்.
தட்டினால் காது கொடுக்கணும்.
போதாவிட்டால் மறுபடி காய்ச்சணும்.
இது இசை இல்லையே, பதம் பார்ப்பதுதானே.
பதம் பார்க்கக் கூடாது என்று
எந்தத் தாசில்தாரும் எழுதவில்லை.

அடிக்குச்சி ஒரு தட்டு.
எதிர் வீட்டு விளக்கு எரிந்தது.
சிண்டுக்குச்சி இழுத்து ஒரு தட்டு.
நாய்கள் எழுந்தன, பிறகு மனிதர்கள்.
‘என்னம்மா இங்க?’
‘பதம் பாக்குறோம்யா.’
‘இவ்வளவு நேரமா?’
‘பனி.’

காற்று திரும்பியது என்று தீயை
நாலு வீடு தள்ளி நகர்த்தினோம்.
காற்று மறுபடி திரும்பியது,
அல்லது திரும்பியதாகச் சகாயராணி சொன்னாள்.
தேர்முட்டி வரைக்கும் ஐந்து இடத்தில் சாம்பல்.
ஏழு தோலும் கிண்ணென்று ஏறி
ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே போயின.
வாசல் வாசலாக நின்றவர்களில்
யாரோ ஒரு பையன் மட்டும்
கால் தானாக ஆடுவதை
மறு காலால் மிதித்துக்கொண்டிருந்தான்.

எட்டு மணிக்கு வளவில் என்ன வாசித்தோம்?
நினைவில்லை. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

மெஷினில் தோல் வாடை அடிக்கிறதென்று
ஏழாம் நம்பர் புகார்.
இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டு
மாசியில் மறுபடி வரச் சொன்னார்கள்.

மாசிப் பனி மச்சையும் துளைக்குமாம்.
தோல் என்ன செய்யும், பாவம்.