புளியரையில் சாரல்

புனலூர் மரமில்லில் பலகை எண்ணிய ஆள்.
இப்போதும் சில்லறையை மலையாளத்தில்தான் எண்ணுகிறார்,
ஒன்றுகூடத் தப்புவதில்லை.

காய்ச்சல் தலைக்கேறிய அந்தப் பத்து நாளில்
எது எரிந்தது, எது தப்பியது என்று
திருவனந்தபுரத்து டாக்டர் தாளில் வரைந்து காட்டினார்.
காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும்,
கடல்குதிரை போல வளைந்த ஒன்று.
'நடந்ததைத் தைத்து வைக்கிற இடம் இது.
பைக் ஓட்டுவது வேற இடம்மா.'
எனக்குக் கடைசி வரிதான் புரிந்தது.

ஓட்டுகிறார்.
கோட்டைவாசல் எஸ் வளைவில் எங்கே கியர் குறைக்கணும்
இடது காலுக்குத் தெரியும்.
ஆரியங்காவில் இறங்கி
'எதுக்கு வந்தோம் சம்சாத்?' என்கிறார்.
பின்சீட்டில் இருந்து சொல்கிறேன்:
பலாப்பழம் வாங்க.

காய்ச்சலுக்குப் பிறகு பிறந்தவள் நிஸா.
ஒரு வயது, எட்டு மாதம்.
'யார் பிள்ளை?' என்று காலையில் கேட்பார்,
அசர் பாங்கு முடிந்தும் கேட்பார்.
முதல் மாதம் அழுதேன்.
பிறகு 'நம்ம பிள்ளைதான்' என்பது
'குடை எடுத்துக்கோங்க' மாதிரி ஆகிவிட்டது.
கேட்டதும் அந்த முகத்தில் வரும் சந்தோஷம் மட்டும்
ஒவ்வொரு தடவையும் புதுசு.
அதைப் பார்க்கவே
சில நாள் கேட்காமலே சொல்வேன்.

இன்று சாரல்.
பழைய பேப்பரை விரித்து
இரண்டு பேரும் சுளை தின்கிறார்கள்.
இந்த மத்தியானம் இரண்டு பேரிடமும் தங்காது.
அவருக்குக் கால்மணி நேரத்தில் போய்விடும்,
இவளுக்குப் பள்ளிக்கூடம் சேர்வதற்குள்.
நினைத்து வைத்துக்கொள்ள
வீட்டில் நான் ஒருத்தி.

போன வெள்ளிக்கிழமை
நார் தொண்டையில் சிக்கி நிஸா நீலமாகி
குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன்.
சுவரோடு சுவராக நின்றார்.
கால்மணி கழித்து,
'ஏன் உன் கண்ணு செவந்திருக்கு?'

இப்போது பார்க்கிறேன்:
சுளையைக் கிழிக்கிறார், கொட்டையை எடுக்கிறார்,
நாரை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்து
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு
அவள் வாயில் வைக்கிறார்.

'என்ன இப்படிப் பாத்துப் பாத்து?' என்றேன்.
யோசித்தார்.
'தெரியலையே. கை அப்படிப் பண்ணுது.'
பிறகு,
'யார் பிள்ளை சம்சாத்?'

சொல்ல வாயெடுத்தேன்.
கருகல் வாசம்.
அடுப்பில் பால் வைத்திருந்தேனே.