தொடர்ச்சிக் குறிப்பு

எந்தக் கையில் தேநீர்க் குவளை,
எதுவரை எரிந்திருந்தது மெழுகுவத்தி,
அழும்போது எந்தக் காதோரம் முடி கலைந்திருந்தது,
எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பொஸ்போரஸ் கரையில் வாடகைக்கு எடுத்த மரமாளிகை.
வாரத்துக்கு ஒரு பாகம், இரண்டேகால் மணி நேரம்,
விடிய விடியப் படப்பிடிப்பு.
மறதிக்காரர்கள் இங்கே நடிக்கலாம், இயக்கலாம்.
நான் மறக்கக் கூடாது.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன், அதுதான் தொல்லை.
ஜெவாத்தின் கோட்டில் மூன்றாம் பொத்தான்
வேறு நிற நூலில் தைக்கப்பட்டு வந்த அன்று
தேதியோடு மனதில் குறித்தேன்.
பொறாமை என்றான்.
தொழில் என்றேன்.
இரண்டுக்கும் ஒரே கண்.

அவன் போய் ஓராண்டு கழித்து
நாற்பத்து மூன்றாம் பாகத்தின் தாள்கள் வந்தன.
அவன் எழுதியவை. அச்சுச் சூடு ஆறவில்லை.
வில்லி தன் கணவனிடம் சொல்கிறாள்:
“வெளியே மூன்று மணி நேரமாக மழை.
உன் தோள் நனையவே இல்லையே!”
என் வாக்கியம்.
என் சமையலறையில், ஒரு டிசம்பரில், நான் சொன்னது.
அந்த ஆச்சரியக்குறி மட்டும் அவனுடையது.

பெரிஹான் அதைக் கத்தினாள்.
படிகக் கிண்ணம் சுவரில் மோதிச் சிதறியது
(உடைக்க ஏழு வாங்கியிருந்தோம், மூன்றாவதில் சரியாக வந்தது).
விளக்குப் பையன்கள் கைதட்டினார்கள்.
எழுதினேன்: வலது கை. சில்லுகள் கம்பளத்தின் ஓரம்.

பிறகு கல்லறைக் காட்சி.
தந்தையின் பெயர் பொறித்த கல்லைத் தடவி
கல்யாணமே வேண்டாமென்று சபதம் செய்கிறாள் பெல்கின்.
விரலில் மோதிரம்.
கதையின் மோதிரம் அல்ல, ஜெவாத் போட்டது,
கழற்ற மறந்துவிட்டாள்.
கேமரா விரல்வரை நெருங்கிவிட்டது.
‘நிறுத்துங்கள்’ என்று கத்த வேண்டியவள் நான் ஒருத்திதான்.
வாய் நிறைய அந்தச் சொல் இருந்தது.
விழுங்கினேன்.
அவ்வளவு இனிப்பாக எதையும் நான் விழுங்கியதில்லை.

ஒளிபரப்பான இரவே ஊர் முழுக்க மோதிரப் பேச்சு.
காலையில் அவள் அழுவாள், அவன் தலை குனிவான் என்று
நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.
தொலைக்காட்சி நிலையத்து ஆள் பக்லாவா பெட்டியோடு நின்றார்.
“ரகசியக் கல்யாணம்! என்ன திருப்பம்!”
பத்துப் பாகம் நீட்டித்தார்கள்.
பூதத்தை ஏவினேன்;
அது போய் அவனுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தது.
ஒவ்வொரு வாரமும் ‘தொடரும்’ என்று முடிகிற ஒன்றை
யார் எப்படிப் பழிவாங்குவது?

நீட்டிய பாகங்களுக்குப் பழைய சண்டை
நினைவுக் காட்சியாக மறுபடி தேவைப்பட்டது.
பெரிஹான் ஒப்பனை நாற்காலியிலிருந்து கூப்பிட்டாள்.
இருபது ஆண்டுகளாக யார் யாருக்கோ விஷம் கலக்கிய கை,
என் மணிக்கட்டைப் பிடித்தபோது குளிர்ந்திருந்தது.
“தூலின், இது உன் வசனம், இல்லையா?
நீ எப்படிச் சொன்னாய்?”
கத்தவில்லை என்றேன்.
சீமைமாதுளை உரித்துக்கொண்டிருந்தேன்.
நிமிரவில்லை.
நிமிர்ந்தால் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கும்,
அது பாவமாக இருந்தது.

ஒரு பழம் கொண்டுவரச் சொன்னாள்.
ஆச்சரியக்குறியை விட்டுவிட்டுச் சொன்னாள்.
யாரும் கைதட்டவில்லை.
கொதிகெண்டியை யாரோ அடுப்பிலிருந்து இறக்கினார்கள்.
நாற்பத்து மூன்றோடு இது பொருந்தவில்லையே என்று
இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பொருந்துகிறது என்றேன்.

திரைக்குப் பின்னால் ஜெவாத் நின்றிருந்தான்.
கை எங்கே இருந்தது, கண் எங்கே போனது,
தெரியாது. அவனைப் பார்க்கவில்லை.
குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்:

இடது கை, கத்தி.
பழம் பாதி உரிந்தது.
தோல் அறுபடாமல் மேசை விளிம்புக்குக் கீழே,
ஏறத்தாழ ஒரு சாண்.