கட்டாக்காலி, பதிப்பு 0.3

மல்லாவியில் மின்சாரம் போய் வந்த இரவு.
ரவுட்டரின் பச்சை விளக்கு
மூன்று முறை யோசித்துவிட்டு நிலைத்தது.
வரிசையில் நாற்பத்திரண்டு செயலிகள்.
மேலே நின்றது ஒட்டுசுட்டானிலிருந்து.
அனுப்பியவர் கோவேந்தன்.
பெயர் கட்டாக்காலி.

தொலைந்த மாட்டைத் தேடும் செயலி.
தொடையில் சுட்ட குறியைப் படம் பிடித்தால்
ஆருடைய பட்டி என்று சொல்லும்,
கடைசியாய்க் கண்ட இடம் சொல்லும்.
நல்லது.
ஆனால் அது கேட்கிற அனுமதிகள்:
இருப்பிடம், எந்நேரமும்.
தொடர்பு எண்கள், முழுவதும்.
ஒலிவாங்கி.

ஓமந்தையில் என் பையைக் கொட்டிப் பார்த்தவர்கள்
ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
இப்போது கேட்கிற வேலை என்னுடையது.
சம்பளம் இல்லை,
ஆனபடியால் ஒழுங்காய்க் கேட்கிறேன்:
மாட்டைத் தேட மனிசரின் எண்கள் எதற்கு?

அரை மணியில் பதில்.
எண்களை எடுத்துவிட்டான், வாதாடாமல்.
இருப்பிடம் தான் கேட்கவில்லையாம்,
வரைபடத்துக்கென்று எங்கேயோ எடுத்த நூலகம்
தனக்குத் தெரியாமல் கேட்டதாம்.
நடக்கிறதுதான்,
கூட வந்தவரின் கூட வந்தவர்
அலுமாரியைத் திறக்கிற மாதிரி.
ஒலிவாங்கி மட்டும் வேண்டும் என்று நின்றான்.
"காட்டுக்குள்ள மாடு தெரியாது அக்கா,
மணிதான் கேக்கும்.
முத்தையன்கட்டு மணி வேற,
நெடுங்கேணி மணி வேற."
எழுதி வைத்திருந்த கண்டிப்பான வசனத்தை
அழித்தேன்.
பொத்தானை அழுத்தினால் மட்டும் கேட்கட்டும்,
விட்டதும் செவியை மூடட்டும்.

உரிமக் கோப்பு இல்லை.
"எல்லாருக்கும்தானே அக்கா, எழுத வேணுமே?"
தம்பி,
எல்லாருக்கும்தானே என்று வாய்ச்சொல்லில் இருந்தோம்,
பெர்மிட்டும் இல்லாமல் உறுதியும் இல்லாமல்.
திரும்பி வந்தபோது
எங்களுக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில்
ஒரு எல்லைக்கல்,
வெள்ளை பூசி, இலக்கம் போட்டு.
எழுது.
எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்,
பகிர்ந்தவர் பூட்டக் கூடாது.
ஒரு பக்கம்தான்.

கடைசி வேலை, மூலத்திலிருந்து நானே கட்டிப் பார்ப்பது.
அவன் கட்டியதும் நான் கட்டியதும்
ஒரு பைட்டும் பிசகக் கூடாது.
பிசகியது.
மறுபடி கட்டினேன். பிசகியது.
நுளம்பு அடித்துக்கொண்டு வரிவரியாய் ஒப்பிட்டதில்
அகப்பட்டது ஒரு திகதி:
2009 தை 1.
ஒரு கோப்பில் அல்ல.
அவன் செய்த எல்லா மாற்றமும்
அந்த ஒரே நாளில்.

இது பகிடியென்றால்
நான் சிரிக்கிற ஆள் இல்லை என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
தேநீர் வைத்தேன், சீனி போட மறந்து குடித்தேன்.
பிறகு வேறு சொற்களில் கேட்டேன்.

"பழைய கொம்பியூட்டர் அக்கா,
உள்ளுக்க இருக்கிற பற்றரி செத்துப்போச்சு.
கரண்ட் போய் வந்தா
அது அந்தத் திகதியிலதான் எழும்பும்.
நான் திகதி பார்க்கிறேல்லை."

கட்டும்போது நேரத்தைக் கோப்புக்குள் பதிக்காதே,
இது விதிமுறை.
காசுக்குற்றி அளவுப் பற்றரி,
ஒட்டுசுட்டானில் இல்லையென்றால்
புதுக்குடியிருப்பில் கிடைக்கும், மாற்று.
இது விதிமுறையில் இல்லை.

இரண்டாவது பார்வையாளர் எஸ்தோனியாவில்.
காலையில் ஒரு கேள்வி விட்டிருந்தார்,
பெயருக்கு என்ன பொருள்?
கட்டாத மாடு என்று எழுதி,
போதாதென்று பட்டு,
ஆள் இருக்கிறது, கயிறு இல்லை என்று சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டும் பொருந்தின,
கடைசி பைட் வரை.
"இப்ப சரியான நேரம் காட்டுது அக்கா."
ஒப்புதல்.
நாற்பத்தொன்று.

அடுத்தது ஒரு ரோச் லைட் செயலி.
வெளிச்சம் போட
தொலைபேசிப் புத்தகம் முழுவதும் வேண்டுமாம்.
கதிரையை இழுத்துப் போட்டு
ஏன் என்று
எழுதத் தொடங்கினேன்.