மேலதிகத் தாள்

எங்கள் கந்தோரின் பெயர்ப்பலகை கதவைவிட அகலம்:
சர்வதேசத் தொடர்புகள் அலகு.
உள்ளே ஒரு மேசை, ஓர் அச்சு இயந்திரம்,
கிளிநொச்சிப் புழுதியை இழுத்து இழுத்து
வாரம் ஒருமுறை விக்கிக்கொள்ளும் குளிரூட்டி,
நான்.

சுவரில் ஒரு படம்.
மூன்று வருடத்துக்கு முன் நெதர்லாந்துக்காரரோடு
புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதிய நாள்.
பொன்னாடை, விலைகூடின பேனை, பதினொரு சிரிப்பு.
ஒப்பந்தம் அலமாரியில் நித்திரை.
வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.
அவர்கள் கணினியைத் திறக்கும்போது
இங்கே சோற்றுப் பார்சல் திறக்கும்.
அவர்கள் பதில் எழுதி முடிக்கையில்
கடைசி பஸ் பரந்தன் சந்தியைத் தாண்டிவிடும்.

கலாநிதி சிவரூபி வந்தார்.
மண் விஞ்ஞானம். சப்பாத்தில் வயல்.
மடிக்கணினியில் விசாப் படிவம்.
"இதில அஞ்சு வரிதான் விட்டிருக்கினம்."

கடந்த இருபது ஆண்டுகளில் வசித்த முகவரிகள்.
இலக்கம், வீதி, நகரம், அஞ்சல் குறியீடு.
இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை.
இடைவெளி விடக் கூடாது.

அக்கராயன். அதற்கு வீட்டு இலக்கமும் இருந்தது.
தர்மபுரம், பதினெட்டு நாள்.
விசுவமடு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கம்.
உடையார்கட்டு.
"தேவிபுரத்தில ரெண்டு இடம். ஒண்டாப் போடலாமோ?"
அதற்கடுத்ததை அவர் சொல்லவில்லை.
நானே தட்டினேன்: வலைஞர்மடம், கடற்கரை.
எங்கள் வீட்டு வரிசையும் அதுதான்.
அஞ்சல் குறியீட்டுப் பெட்டி சிவந்தது,
வெறுமையாக விடாதே என்று.
முகாமுக்கு மட்டும் எல்லாம் சுத்தமாக இருந்தது:
வலயம், தொகுதி, கூடார இலக்கம்.

ஆக, மேலதிகத் தாள் ஒன்று. கூடவே ஒரு கடிதம்.
"விண்ணப்பதாரி ஒன்பது மாதத்தில்
ஏழு இடங்களில் வசித்தது
சுற்றுலாவாக அல்ல என்பதை உறுதிப்படுத்துகிறோம்."
பதிவாளர் அந்த வசனத்தைச் சிவப்பில் வெட்டினார்.
மாலை நான்கு மணிக்குத் திரும்ப அழைத்து
அதே இடத்தில் தன் கையெழுத்திலேயே எழுதித் தந்தார்.

பயணச்சீட்டுக்கு முற்பணம்:
அங்கே இறங்கினால்தான் அங்கே காசு தருவார்கள்.
இரண்டாம் வருடத்துக்குப் பாடம் எடுக்க
கெஞ்சிப் பிடித்த ஓர் ஆள்.
மரெய்க்க அம்மையாருக்கு ஒரு மின்னஞ்சல், நாலு தடவை திருத்தி:
மாதிரிகளை அனுப்புகிறோம், மகிழ்ச்சி.
கட்டுரையில் சிவரூபியின் பெயர்
நன்றியுரையில் அல்ல, தலைப்பின் கீழே.
உங்கள் மாணவர் ஒருவரும் இங்கே வந்து
சேற்றில் இறங்கவேண்டும்.
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள்: சரி.

அந்தச் "சரி"யும் "அன்புள்ள கலாநிதி செல்லக்கண்டு" என்றே தொடங்கியது.
கடவுச்சீட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில்
தகப்பன் பெயர் போய் உட்கார்ந்த கதை.
"திருத்தச் சொல்லி எழுதட்டோ?"
"விடுங்கோ.
வலைஞர்மடத்துக்குப் பிறகு அப்பாவை
ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை."

ஆறு பொதி மண், நந்திக்கடல் ஓரத்து வயல்களிலிருந்து.
ஈயம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்க்க.
சுங்கப் படிவம் கேட்டது: வணிகப் பெறுமதி?
இல்லை என்று அடிக்கவேண்டும், அதுதான் விதி.
அடித்தேன்.
தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான்
அனுப்பு என்ற இடத்தை அமத்தினேன்.

மண் போய்ச் சேர்ந்துவிட்டது. கையொப்பம் வந்திருக்கிறது.
சிவரூபி இன்னும் பரிசீலனையில்.

வருகிற வியாழன் அவர்களுடைய மாணவன் வருகிறான்.
நெட்டைப் பெடியன், மரக்கறி மட்டும்,
நுளம்புவலை போதுமான நீளமோ தெரியாது.
அவனுக்கும் ஒரு படிவம்:
இலங்கையில் தங்கும் முகவரி. அதிலும் ஐந்து வரி.
விருந்தினர் விடுதிக் கூரை போன மழையோடு ஒழுகுகிறது.
கனகபுரத்து எங்கள் வீட்டு இலக்கத்தைப் போட்டேன்.
மிச்ச நாலு வரியும் வெறுமையாகவே கிடந்தன.
ஒரு பெட்டியும் சிவக்கவில்லை.