மூன்றாம் விளக்கு

சுவான்சியில், கடலைப் பார்த்துச் சரிகிற மேட்டில்
எங்கள் பள்ளிக்கூடம்.
நாற்பத்திரண்டு திறப்புகள் என் இடுப்பில்.
எந்தக் கதவு எப்படி முனகும் என்று
எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்,
மக்சென் வரும்வரை.

ஆறு வயது.
பேச்சு அவனிடம் இருக்கிறது,
அவசரத்துக்கு வராது.
முதல் கிழமை முழுதும் மேசைக்கடியில் இருந்தான்.
மணி அடித்தால் உடம்பெல்லாம் ஒரே காதாகிச்
சுருண்டுகொள்வான்.
லௌரி ரீச்சர் அவனை இழுத்தெடுக்கவில்லை.
தானும் உள்ளே போய்ச் சப்பணமிட்டு
வரவுப் பெயர்களை அங்கிருந்தே கூப்பிட்டா.
இருபத்தாறு பிள்ளைகளும்
மேசையைப் பார்த்து ஓம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு
என்னையும் வரச்சொன்னார் அதிபர்.
உளவியலாளர், பேச்சுப் பயிற்சிக்காரி, தாய்.
எண்ணெய்க் கையோடு நான்.
தாய் ஒரு தாளை விரித்தா,
அவன் சொல்லச் சொல்ல எழுதியது:
மணி. கை உலர்த்துகிற மெஷின்.
கதிரைக் கால்கள். மூன்றாம் விளக்கு.
"விளக்கு என்ன செய்யும்?"
"பாடுமாம். நிறுத்தவே நிறுத்தாதாம்."

எல்லோரும் போனபிறகு ஏணி வைத்து ஏறி
காதைக் கொடுத்துப் பார்த்தேன்.
ஒரு நுளம்பளவு ரீங்காரம்.
பதினொரு வருஷமாய் அதன் கீழேதான்
என் தும்புத்தடி போய்வந்திருக்கிறது.

அன்றிரவே மணியைக் கழற்றினேன்.
நாலு ஆணி, அவ்வளவுதான்.
சுவரில் பழைய வர்ணத்தில் ஒரு வட்டம்
இன்றைக்கும் இருக்கிறது.
கிளப்பில் கழித்துவிட்ட டென்னிஸ் பந்துகளைக் கீறி
கதிரைகளுக்குச் செருப்புப் போட்டேன்.
இருபத்தேழு கதிரை, நாலு நாலு கால்.
நூற்றெட்டு.
கோயில் சுற்றின கணக்கு என்று
எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

"ஒரு பிள்ளைக்காக ஒரு பள்ளியா?"
வாசலில் ஒருத்தர் கேட்டார்.
என் பதில் ஆங்கிலமாக மாறுமுன்
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

தீ மணியைக் கழற்ற முடியாது.
சட்டம்.
செவ்வாய் தோறும் பத்து மணிக்குச் சோதனை.
யோசித்துவிட்டு லௌரி சொன்னா:
"திறப்பை அவனிடம் கொடுத்துப் பாருங்கோ."
முதல் செவ்வாய் நடைக்கதவு வரை வந்தான்.
அடுத்தது, திறப்பைத் தொட்டு மணந்து பார்த்தான்.
மூன்றாவது, காதுமூடியைப் போட்டு
எனக்கும் ஒன்று போடவைத்து
வெல்ஷில் மூன்று எண்ணித்
திருப்பினான்.

கட்டடம் முழுக்க அலறியது.
அவன் பெட்டியைப் பார்க்கவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு நிறுத்தினான்.
தீப் பதிவேட்டில் என் கையெழுத்தின் பக்கத்தில்
பெரிதாய் ஓர் எம்.
பரிசோதகர் வந்தபோது கேட்டார், யார் இது என்று.
சத்தத்துக்குப் பொறுப்பானவர் என்றேன்.
எழுதிக்கொண்டார்.

எல்லாச் செவ்வாயும் அப்படியில்லை.
சிவப்பு அட்டை காட்டினால் காட்டினதுதான்.
நாலு மணிக்குப் பிறகு
யாருமில்லாத கட்டடத்துக்கு
நானே அடித்து நானே நிறுத்துவேன்.
இன்றைக்கும் சிவப்பு.
மேசைக்கடியில் இரண்டு சோடிச் சப்பாத்து.
லௌரிக்கு இப்போது முழங்கால் வலி வேறு.

திங்கட்கிழமை நெஸ்டா என்றொரு பிள்ளை வருகிறாள்.
அவளுடைய கண்ணுக்குப் படிகள் தனித்தனியாகத் தெரியாதாம்,
ஒரே சரிவாம்.
மஞ்சள் வர்ணம் வாங்கி வைத்திருக்கிறேன்.
விளிம்புகளைப் பூசுமுன்
கண்ணைப் பாதி மூடிக்கொண்டு
கம்பியைப் பிடித்தபடி இறங்கிப் பார்த்தேன்,
பதினாலு படி என்று மனப்பாடமாய்த் தெரிந்த படிதான்.

பதின்மூன்றில் முடிந்துவிட்டதென்று
காலை வைத்தேன்.