பதினொரு சதவீதம்

நேற்றிரவும் கசிந்தது.
இருபத்து மூன்றாவது தொகுதி.
சவ்வுப்பைக்கு வெளியே
ரத்தத்தின் காரமும் உப்பும் அளந்து ஊற்றிய நீரில்
விடியுமுன் ஓர் இளஞ்சிவப்பு.
கதவு சாத்தியே இருந்திருக்க வேண்டிய இடம்.

கோத்தகிரியில் ஐந்து நாளாக மழை.
மின்சாரம் போய்க் குலுக்கி நின்ற நாற்பது நிமிடத்தைக்
குறிப்பேட்டில் எழுதினேன், பிறகு அடித்தேன்.
கசிவுக்கு அது காரணமில்லை,
தெரியும் எனக்கு.

நான் செய்வது மணல்தான்.
மயிரிழையின் குறுக்கே எண்ணூறு மணி அடுக்கலாம்,
ஒவ்வொரு மணியும் தேனடையாகத் துளைத்தது.
துளையில் மருந்தை ஊறவைத்து
வாய்க்கு ஒரு மூடி,
புளிப்புப் பட்டால் மட்டும் கழல்வது.
வாசலில் வந்து விழுந்ததைச் செல் விழுங்கும்,
சிறு பையில் அடைத்துப் புளிக்கவைக்கும்.
அங்கே திறக்க வேண்டும்.
அதற்கு ஓரடி முன்னால்கூடக் கூடாது.

யோகராணி குழாய்களைக் கழுவ வந்தாள்,
தலையில் ஊதாக் கம்பளிக் குல்லா.
இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை
முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி
கோயமுத்தூரில் கை நீட்டிப் படுப்பவள்.
ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"இது அந்தச் செவப்புதானே மேடம்?"

அதேதான்.

"எவ்ளோ கசிஞ்சிச்சு?"

பதினொரு சதவீதம்.

"எனக்கு நூறும் கசியுதே" என்றாள்,
பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டே.

எவ்வளவு புளிப்பில் திறக்கும் என்று கேட்டபோது
ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவைக் காட்டினேன்.
அந்த மண்ணின் புளிப்பு.
"அப்போ எங்க லயத்துக்கு வந்தா
தானாத் தெறந்துக்கும்."
இருவரும் சிரித்தோம், அவள் கொஞ்சம் அதிகமாக.

வாசலில் ஒரு ஹைட்ராஞ்சியாப் புதர்.
வெள்ளையடித்த சுவரின் சுண்ணாம்பு கரைந்திறங்கும் பக்கம்
ரோஜா நிறம்.
மறுபக்கம் நீலம்.
ஒரே வேர்.
மண்ணை நக்கிப் பார்த்து நிறம் சொல்ல
அதற்கு யாரும் மானியம் தரவில்லை.

இருபத்து நான்கில்
மூடியின் சங்கிலியை இரண்டு கண்ணி நீட்டிப் பார்க்கலாம்.
எலியைத் தொடவே இன்னும் ஒரு வருடம் ஆகும்,
மனிதருக்கு எத்தனை என்று
எந்த விண்ணப்பத்திலும் நான் எழுதியதில்லை.
அவளுக்கு அடுத்த தேதி பதினேழு.

அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.
கழுவிய குழாய்களைக் கவிழ்த்து அடுக்கிவிட்டு,
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு,
"மண்ணு சரிஞ்ச எடத்துல
ரோட்ட எப்பத் தெறப்பாங்களாம்?" என்றாள்.