கடலை என்ன செய்வீர்

ஞாயிறு மாலை, இரவல் கோவிலில்
எங்கள் ஏழு குடும்பத்துக்கு நடக்கும் பூசையில்
சூசைநாதர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்:
எல்லாம் புதிதாகும் நாளில்
கடல் என்ற ஒன்றே இராதாம்.

மற்றவர்கள் ஆமென் என்றார்கள்.
எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டவரே, அதனிடம் எனக்கொரு கணக்கு இருக்கிறது.
நத்தாருக்கு மறுநாள், கள்ளப்பாட்டில்,
புதுச்சட்டையின் மடிப்புக்கூடக் குலையாத
என் அமலதீபனை எடுத்துப் போனது.
ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.
இன்னும் திருப்பித் தரவில்லை.
கடன்காரனை ஊரைவிட்டே அனுப்பிவிட்டால்
நான் யாருடைய படலையில் போய்த் தட்டுவது?

பூலோன் துறைமுகத்தில், கப்பெக்கூர்ப் பக்கம்,
விடிய நாலு மணிக்கு வேலை தொடங்கும்.
வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ்,
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு சோடி கையுறை.
அதற்குள்ளும் குளிர் வழி கண்டுபிடிக்கும்.
ஹெரிங் வரும், பெட்டி பெட்டியாக.
எங்கட சூடைக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி முகம்.
பதினாறு வருடமாக அதன் வயிற்றைக் கீறுகிறேன்.
முதல் வருடம், சொன்னால் சிரிப்பீர்,
ஒவ்வொரு வயிற்றிலும் தேடினேன்,
ஒரு பொத்தானாவது கிடைக்குமென்று.
இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும்
எங்கோ ஓரிடத்தில் வாசல் இருக்கத்தானே வேண்டும்.

செவ்வாய்க்கிழமை
லொறிக்காரர் தன் மகனைக் கூட்டிவந்தார்.
பள்ளிக்கூடம் இல்லையாம்.
பல்லில்லாத வாயால் போன்ஷூர் சொன்னான்.
பாதி காற்றுத்தான் வந்தது.

கண் நிறைந்துவிட்டது.
கை முழுக்கக் குடலும் உப்பும்.
தோளை உயர்த்திப் பார்த்தேன், எட்டவில்லை.
பட்டி யாருக்காகவும் நிற்காது,
மீன் வந்துகொண்டே இருந்தது.

எதிரே நின்ற ஓதில்,
கோவில் மணி கேட்டாலே ஏசுகிறவள்,
கத்தியை வைத்தாள்.
முழு மேசையையும் சுற்றி வந்தாள்.
சட்டைக் கையின் உள்பக்கத்தை இழுத்து
என் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.
மென்மை என்று சொல்ல மாட்டேன்,
பள்ளிக்குப் பிந்திவிட்ட பிள்ளைக்கு
மூக்குத் துடைத்துவிடுகிற அவசரம்.
"அலே" என்றாள்.
திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தாள்.

வாக்குறுதியில் எனக்கு எப்போதும் விளங்காத இடம் அதுதான்.
பழைய வானத்தைச் சுருட்டி வைத்துவிட்டு
வேறு வானம் விரிக்கப் போகிறவர்,
ஒரு நகரத்தையே விளக்கோடு கீழிறக்குகிறவர்,
எதற்காகக் குனிந்து
முகம் முகமாகக் கண்ணீர் துடைக்க வேண்டும்?
ஒரு சொல் சொன்னால் காய்ந்துவிடாதா?

நாங்கள் வந்து சேரும்போது
கைகள் இந்த நிலையில்தான் இருக்கும் என்று
உமக்குத் தெரிந்திருக்கிறது.
எல்லா வேலையையும் அப்படியே வைத்துவிட்டு
நீர் மேசையைச் சுற்றி வருவீர்.

கடலைப் பற்றி மட்டும் நான் இன்னும் இணங்கவில்லை.
அதை இல்லாமல் ஆக்காதேயும்.
கூப்பிட்டு நிறுத்தும்.
விழுங்கின ஒவ்வொருவரையும் பேர் சொல்லி
மணலில் இறக்கச் சொல்லும்,
சட்டை மடிப்புக் குலையாமல்.
பிறகு ஒரு முழங்கால் ஆழத்துக்கு விட்டுவையும்.
அவனுக்குத் தண்ணீர் என்றால் உயிர்.
கரையில் நின்று கத்துகிறவள் நான்தான்.
அன்று கத்த மாட்டேன்.

மதிய பஸ்ஸின் கண்ணாடியில் முகம் தெரிந்தது.
ஓதில் துடைத்த இடத்தில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
மழைமூட்டம், வெயிலே இல்லை,
என்றாலும் எங்கிருந்தோ
கொஞ்சம் வெளிச்சம் எடுத்து வைத்திருந்தது.

பக்கத்தில் இருந்தவர் சைகையால் காட்டினார்.
தெரியும் என்று தலையாட்டினேன்.
இறங்கும்வரை தட்டிவிடவில்லை.